பேரி மரமும் பூச்சியும்



ஆவணி மாதத்தில் தில்லி வீதிகளில் நாஷ்பாத்தி வண்டிகள் வரிசையாக நிற்கக் காண்கிறோம். கொடைக்கானலிலும் நீலகிரியிலும் விளையும் நம் பேரிக்காயின் உறவினமே அது. பஞ்சாபிலிருந்து வரும் 'பத்தர்நாக்' பெயருக்கேற்பக் கல்லைப் போன்றது. கடித்தால் மணல் நறநறக்கும். 'பக்கூகோஷா' என்பதோ மிருதுவானது. நாம் விரும்புவது மிருதுவான பழத்தையே. அத்தகைய பழம் தரும் ஐரோப்பியப் பேரிகளைப் பூச்சியும் விரும்புகிறது என்பதுதான் பழ ஆராய்ச்சியாளரின் கவலை. பூச்சி அண்டாத மரமும் வாயில் கரையும் பழமும் ஒருங்கே கிட்டுமா? இதற்காக நெடுங்காலம் உழைத்தவர்களுள் அமெரிக்க நாட்டு அறிஞர் முக்கியமானவர்கள்.

அந்நாட்டில் பேரி மரத்துக்குப் பெரும் பகைவர் இருவர். ஒன்று, 'தீக்கருகல்' என்னும் பாக்டீரியா நோய். பூவும் கிளையும் நெருப்பில் வாட்டியவைபோல் கருகிவிடும். மற்றொன்று, அசுவினிக்கு உறவான 'சில்லா' என்னும் சிறு பூச்சி. ஐரோப்பாவிலிருந்து சென்ற இது 1832-ஆம் ஆண்டில் கனெக்டிகட் மாநிலத்தில் காணப்பட்டது. இதன் குஞ்சுகள் இலைச் சாற்றை உறிஞ்சிப் பாகு போன்ற கழிவைச் சொரியும். அதில் கரும்பூஞ்சை படர்ந்து பழத்தோலைக் கறைப்படுத்தும். மரத்தையே நலியச் செய்யும் நோயொன்றையும் இது பரப்பும். மருந்து தெளித்தாலோ, சில ஆண்டுகளில் பூச்சி அம்மருந்துக்குப் பழகிவிடுகிறது. ஆகவேதான் மரத்தையே மாற்ற முற்பட்டனர்.

இங்கே மொழிபெயர்ப்புத் தொழிலிலுள்ள நமக்கு ஒரு சங்கடம் உண்டு. இக்குணத்தை 'எதிர்ப்பு' என்று எழுதினால், மரம் கச்சை கட்டிப் போருக்கு நிற்பதுபோல் தோன்றுகிறது. நடப்பது அதுவன்று. சில மரங்களில் தாய்ப்பூச்சி முட்டையிடவே விரும்புவதில்லை. வேறு சிலவற்றில் முட்டை பொரிந்தாலும், குஞ்சு சாற்றை உண்ணாமல் மடிகிறது. முன்னது விருந்தாளியை வாசலிலேயே திருப்பி அனுப்புவது. பின்னது இலையைப் போட்டுச் சோறு போடாமலிருப்பது.

வடகிழக்கு ஆசியாவில் கடுங்குளிரைத் தாங்கி வளரும் உசூரிப் பேரியினத்தில் இக்குணம் உண்டு. ஆனால் அதன் பழம் சிறியது, துவர்ப்பது. அதை 'பார்ட்லெட்' போன்ற இனிய வகையோடு கலந்தால், பிறக்கும் கன்றுகளில் சில பூச்சியைத் தாங்கும். பழமோ பெரும்பாலும் காட்டு மரத்தையே கொள்ளும். ஆகவே அக்கன்றை மீண்டும் நல்ல வகையோடு கலக்க வேண்டும்; பின்னும் ஒருமுறை, பின்னும் ஒருமுறை. மேற்கு வர்ஜீனியாவில் கியர்னீஸ்வில் பழ ஆராய்ச்சி நிலையத்தார் கிழக்கு ஐரோப்பாவின் பழைய பேரி வகைகள் சிலவற்றிலும் இக்குணத்தைக் கண்டனர். அவை பார்ட்லெட்டின் இனமேயாதலால், வழி சற்றுக் குறுகிற்று.

ஆயினும் காலம் பெரிதாகக் குறைந்துவிடவில்லை. மொட்டு விரியுமுன் அதன் மகரந்தப் பைகளைக் களைந்து, வேற்று மரத்தின் மகரந்தத்தைத் தடவி, காய் முற்றியபின் விதையெடுத்தால், ஒரு பழத்துக்குப் பத்து விதை கிட்டுவதே அதிகம். அவற்றைக் குளிரில் வைத்திருந்தே முளைக்கச் செய்ய வேண்டும். ஒவ்வொரு விதையும் ஒவ்வொரு குணம். கன்று சிறிதாக இருக்கும்போதே அதன் இலைமீது பூச்சியை விட்டுச் சோதித்துவிடலாம். பழம் எப்படி என்னும் கேள்விக்கோ ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன் மரம் விடை கூறாது. மேலும் காக்க வைப்பதும் உண்டு. காய்த்த பின்னும், ஐரோப்பியப் பேரியைக் காயாகவே பறித்து, வைத்துப் பழுக்கவிட்டே சுவைக்க வேண்டும். பூச்சி தீண்டாத மரம் அன்று துவர்த்தால், அத்தனை ஆண்டு வளர்த்ததை வெட்டத்தான் வேண்டும். இருபத்தைந்து வயதில் வேலைக்கு வந்த ஒருவர், ஓய்வு பெறுமுன் மூன்று நான்கு தலைமுறை மரங்களையே காண்பார். தாம் தொடங்கிய கலப்பின் பழத்தை அவருக்குப் பின்வந்தவரே சுவைக்க நேர்வதும் உண்டு.

தீக்கருகல் நோயைப் பொறுத்தவரை பலன் முன்னரே கிட்டியது. 1960-இல் அமெரிக்க வேளாண்மைத் துறையினர் 'மேக்னஸ்' என்னும் வகையை வெளியிட்டனர். சுவையில் மிக உயர்ந்தது. அந்நோயையும் பெரிதும் தாங்குவது. ஆனால் காய்ப்புக்கு வர நாளாகும், மகரந்தமோ மலடு. ஆதலால் மேக்னஸ் நடுபவர் பக்கத்தில் வேறு இரண்டு வகைப் பேரிகளையும் நடுகின்றனர்: ஒன்று மேக்னஸுக்கு மகரந்தம் தருவதற்கு, மற்றது அந்த ஒன்றுக்குத் தருவதற்கு.