பெட்ரோல் டேங்க்கைக் கழற்றும் முன்



கோலார் தங்கவயலில் சுரங்கம் 28-2-2001 அன்று மூடப்பட்டது. அதற்கு முன் பலருக்கு வேலை வீட்டுக்கு அருகிலேயே இருந்தது. இப்போது வேலை தொலைவில் இருக்கிறது. பலர் விடியற்காலையில் மாரிகுப்பத்தில் ரயில் ஏறி பெங்களூர் போகிறார்கள். ரயிலைப் பிடிக்க ஸ்டேஷன் வரை வண்டி வேண்டும். அதனால் லைன் வீடுகளின் வாசலில் எல்லாம் இன்று மோட்டார் சைக்கிள் நிற்கிறது.

வண்டி இருந்தால் பழுதும் வரும். டேங்க்கில் துருப் பிடிக்கும். தண்ணீர் சேரும். டேங்க்குக்கு அடியில் ஒயர் அறுந்து போகும். மெக்கானிக்குக் கூலி கொடுக்க வேண்டுமே என்று, ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே டேங்க்கைக் கழற்றுவார்கள். அது பெரிய வேலை இல்லை. இரண்டு மூன்று ஸ்பேனர் போதும். ஆனால் ஆபத்தான வேலை. எங்கே ஆபத்து? அதைத்தான் இன்று பேசப் போகிறோம்.

பெட்ரோல் எரிகிறது என்கிறோம். உண்மையில் எரிவது எது? பெட்ரோலில் இருந்து கிளம்பும் ஆவிதான் எரிகிறது. கடுங்குளிரிலும் இந்த ஆவி கிளம்பும். அது கண்ணுக்குத் தெரியாது. காற்றை விட அது மூன்று நான்கு மடங்கு கனமானது. அதனால் மேலே போகாது. தண்ணீர் போலத் தரையோடு தரையாக ஊர்ந்து போகும். பள்ளத்தில் தங்கும். சாக்கடை வழியாக அடுத்த வீட்டுக்கும் போகும்.

லைன் வீட்டை நினைத்துப் பாருங்கள். ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு குடும்பம். அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம். எல்லா வீட்டுக்கும் ஒரே சாக்கடை. ஒரு வாசலில் ஒருவர் டேங்க்கைக் கழற்றுகிறார். அவர் பீடி பிடிப்பவர் இல்லை. அவர் வீட்டில் அடுப்பும் எரியவில்லை. ஆனால் இரண்டாவது வீட்டில் ஒரு தாய் சோறு வடிக்கிறார். ஆவி தரையில் ஊர்ந்து அந்த அடுப்பைத் தொட்டால் என்ன ஆகும்? அங்கே பற்றிய தீ, வந்த வழியே திரும்பி டேங்க்குக்கு ஓடி வரும். ஆகவே இது ஒருவருடைய வேலை மட்டும் இல்லை. லைன் முழுவதின் பாதுகாப்பு.

இன்னொன்றும் உண்டு. காலி டேங்க்தான் பயமில்லாதது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. நிறைந்த டேங்க்கில் காற்றுக்கு இடம் குறைவு. காலி டேங்க்கில் ஆவியும் காற்றும் கலந்து நிற்கும். நூறு பங்கில் ஒன்றரைப் பங்கு ஆவி இருந்தால் போதும், ஒரு பொறியில் வெடிக்கும். ஆகவே காலி டேங்க்கை வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோய், "ஓட்டையை அடைத்துக் கொடுங்கள்" என்று சும்மா நீட்டக் கூடாது. "இது பெட்ரோல் டேங்க்" என்று முதலில் சொல்லுங்கள். டேங்க்கை முறையாகச் சுத்தம் செய்து, ஆவியைப் போக்கத் தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள்.

சுரங்கத்தில் வேலை செய்த பெரியவர்களுக்கு இது புதிதல்ல. வெடி வைத்த உடனே யாரும் உள்ளே போக மாட்டார்கள். புகை வெளியேறும் வரை காத்திருப்பார்கள். அந்தப் பொறுமைதான் இங்கேயும் வேண்டும்.

இனி வேலையின் முறையைக் கேளுங்கள்.

முதலில் உங்கள் வண்டி எப்படிப்பட்டது என்று பாருங்கள். 1-4-2020க்குப் பிறகு விற்பனைக்கு வந்த புதிய வண்டிகளில் பெரும்பாலும் கார்புரேட்டர் இல்லை. அவற்றின் டேங்க்குக்குள் மின்சார பம்ப் இருக்கிறது. டியூபில் பெட்ரோல் அழுத்தத்தோடு நிற்கும். பிடுங்கினால் பீய்ச்சி அடிக்கும். அந்த வண்டியை மெக்கானிக்கிடம் விடுங்கள். பழைய ஸ்ப்ளெண்டர், மைசூரில் செய்த யெஸ்டி போன்ற கார்புரேட்டர் வண்டி என்றால் மேலே படியுங்கள்.

1. பகலில், திறந்த வெளியில் செய்யுங்கள். சாக்கடை ஓரம் வேண்டாம். அடுப்பு, விளக்கு, ஊதுபத்தி, கொசுவர்த்தி, பீடி எதுவும் அருகில் கூடாது. அக்கம்பக்கத்து வீடுகளிலும் சொல்லி விடுங்கள். பிள்ளைகளைத் தூர அனுப்புங்கள்.

2. ஒரு வாளி மணலைப் பக்கத்தில் வையுங்கள். பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. பெட்ரோல் தண்ணீரின் மேல் மிதந்து தீயைப் பரப்பும்.

3. இஞ்சின் நன்றாக ஆறட்டும். பிறகு சீட்டைக் கழற்றுங்கள். பேட்டரியில் முதலில் நெகட்டிவ் ஒயரைக் கழற்றுங்கள். பாசிட்டிவை முதலில் கழற்றினால், ஸ்பேனர் வண்டியின் இரும்பில் பட்டுப் பொறி பறக்கும்.

4. பெட்ரோல் டேப்பை மூடுங்கள். டேப்பில் ஆங்கிலத்தில் மூன்று சொற்கள் இருக்கும். ஆன் என்றால் திறப்பு. ஆஃப் என்றால் மூடல். ரிசர்வ் என்றால் கடைசி இருப்பு. எழுத்துத் தெரியாத காலத்தில் கை போன போக்கில் திருப்பினார்கள். இனி படித்துப் பார்த்துத் திருப்புங்கள்.

5. கார்புரேட்டர் பக்கம் இருக்கும் டியூபைக் கழற்றி, மூடி உள்ள இரும்புக் கேனில் விடுங்கள். கேன் தரையில் இருக்கட்டும். டேப்பைத் திறந்து பெட்ரோலை இறக்குங்கள். பிளாஸ்டிக் வாளி வேண்டாம். தண்ணீர் பாட்டிலும் வேண்டாம். தண்ணீர் என்று நினைத்துப் பிள்ளைகள் குடித்து விடுவார்கள். வாயால் உறிஞ்சவே கூடாது. பெட்ரோல் நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து.

6. பெட்ரோல் மீட்டர் ஒயர் இருந்தால் அதையும் கழற்றுங்கள். பின்பக்கத்து போல்ட்டை எடுங்கள். டேங்க்கின் பின்பக்கத்தை மெல்லத் தூக்கி, பின்னால் இழுங்கள். முன்பக்கம் ரப்பரில் உட்கார்ந்திருக்கும். வராவிட்டால் பலமாக இழுக்காதீர்கள். ஏதாவது டியூபோ ஒயரோ மாட்டியிருக்கும். குனிந்து பாருங்கள்.

7. டேங்க்கின் மூடியை மூடி, வெளியிலேயே நிழலில் வையுங்கள். வீட்டுக்குள் கொண்டு போகாதீர்கள். மிச்சப் பெட்ரோலைச் சாக்கடையில் கொட்டாதீர்கள்.

8. திரும்ப மாட்டியதும் டேப்பைத் திறந்து, கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். கசிவு இல்லை என்றால் பேட்டரி ஒயரை மாட்டுங்கள். இப்போது பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் கடைசியில்.

பெட்ரோல் பட்ட சட்டையோடு அடுப்பருகே போகக் கூடாது. சட்டையை மாற்றி, சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

ஒருவேளை உடையில் தீப் பிடித்தால் ஓடக் கூடாது. தரையில் படுத்துப் புரள வேண்டும். மற்றவர்கள் கனமான கம்பளியால் போர்த்த வேண்டும். தீ அணைந்ததும் புண்ணின் மேல் குளிர்ந்த தண்ணீரை 20 நிமிடம் ஊற்றுங்கள். பற்பசை, மை, மாவு எதுவும் பூசாதீர்கள். 108க்குப் போன் செய்யுங்கள். தீ பரவினால் 101.

மெக்கானிக்குக் கொடுக்கும் கூலி மிச்சமாவது நல்லதுதான். ஆனால் தீக்காயத்துக்குச் செய்யும் செலவு பல மாதச் சம்பளத்தை விழுங்கும். திறந்த வெளியும் ஒரு வாளி மணலும் இல்லாத நாளில் ஸ்பேனரை எடுக்காதீர்கள். அடுத்த ஞாயிறும் வரும்.