இரைச்சலும் ஒலிநாடாவும்

பாடகர் பாடி முடிக்கின்றார், அவை கலைகின்றது, பாட்டு காற்றோடு கலந்து மறைகின்றது. எடிசன் 1877ஆம் ஆண்டில் தம் ஒலிப்பதிவுக் கருவியை இயக்கிக் காட்டும் வரையில் உலகத்து இசை அனைத்திற்கும் அதுவே கதியாக இருந்தது. இன்றோ, பதிவு ஒன்றும் இல்லாத இசைவாணரை இசைவாணர் என்று ஏற்பதற்கே உலகம் தயங்குகின்றது. இத்தகைய காலத்தில், ஏறக்குறைய முப்பது ஆண்டுகள், இடையிடையே ஓய்ந்தாலும் மேடையில் இசைத்துக்கொண்டே இருந்து, இசைத்தட்டு வெளியிடுவதை மட்டும் பெரும்பாலும் தவிர்த்துவந்த ஜப்பானியக் குழு ஒன்று உண்டு. அக்குழுவைப் பற்றியும், அதன் இசை நாடாக்களில் தங்கிய விதத்தைப் பற்றியும் இன்று பேச விரும்புகின்றேன்.

குழுவின் பெயர் 'லே ராலிஸ் டெனூதே'. பிரெஞ்சுச் சொற்கள்போல் ஒலித்தாலும், 'ராலிஸ்' என்னும் சொல்லைப் பிரெஞ்சு அகராதியில் தேடிப் பயன் இல்லை. ஜப்பானியர் இக்குழுவை 'ஹடகா நோ ராரீஸ்' என்பர். 'ஹடகா' என்றால் ஆடையற்ற நிலை. பெயரிலேயே ஒரு குறும்பு இருக்கின்றது. மாணவர் வைத்த பெயர் அல்லவா? கியோட்டோ நகரில் 1875ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற தோஷிஷா கல்வி நிலையம் பின்னர்ப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. அங்குப் பயின்ற தகாஷி மிசுதானி என்பவரும் அவர் தோழரும் 1967இல் இக்குழுவை அமைத்தனர். மிசுதானி கிதார் வாசிப்பவர், பாடுபவர், பாட்டு எழுதுபவர். உறுப்பினர் பலர் வந்தனர், பலர் சென்றனர். இறுதிவரை நிலைத்தவர் அவர் ஒருவரே.

அது ஜப்பானியப் பல்கலைக்கழகங்கள் கொந்தளித்துக்கொண்டிருந்த காலம். கியோட்டோ பல்கலைக்கழகத்தில் மாணவர் தடுப்பரண்களுக்கு இடையே 1969இல் நடந்த இசைநிகழ்ச்சி ஒன்றில் இவர்களும் இசைத்தனர். தொடக்கத்தில் பாஸ் கிதார் வாசித்த மொரியாகி வகபயாஷி என்பவர், 1970 மார்ச் 31ஆம் நாள் 'யோதோ' என்னும் ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானத்தைக் கடத்திய ஒன்பது பேரில் ஒருவராக வட கொரியா சென்று சேர்ந்தார். இக்குழுவைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இந்நிகழ்ச்சியிலேயே தொடங்கி இதிலேயே முடித்துவிடுகின்றனர். எனக்கு அதில் விருப்பமில்லை. விமானம் கடத்தியவர் ஒருவர் ஒருகாலத்தில் வாசித்தார் என்பதனால் இசை உயர்வதும் இல்லை, தாழ்வதும் இல்லை.

இசைக்கு வருவோம். இவ்வகையை 'நாய்ஸ் ராக்' என்பர். இரைச்சலையே இசைக் கருவியாகக் கொண்ட ராக் இசை. பள்ளி ஆண்டுவிழாவில் ஒலிவாங்கியை ஒலிபெருக்கிக்கு எதிரே கொண்டுசென்றால் 'கூ' என்று ஓர் அலறல் எழுவதை நீங்கள் அனைவரும் கேட்டிருப்பீர்கள். ஒலிபெருக்கியிலிருந்து வரும் ஒலி ஒலிவாங்கிக்குள் புகுந்து, பெருகி, மீண்டும் வெளிவந்து, மீண்டும் புகுந்து சுழல்வதே அதற்குக் காரணம். மின் கிதாரிலும் இது நிகழும். அதன் எஃகுத் தந்தியின் கீழே காந்தமும் கம்பிச்சுருளும் இருக்கின்றன. தந்தியின் அதிர்வு மின்னோட்டமாகிப் பெருக்கியை அடைகின்றது; அங்கிருந்து வெளிவரும் பேரொலி தந்தியைத் திரும்பவும் அதிரச் செய்கின்றது. விழா நடத்துவோர் ஓடிவந்து நிறுத்தும் அந்த அலறலை மிசுதானி நிறுத்தவில்லை, வளர்த்தார். கருவிக்கும் பெருக்கிக்கும் இடையே உள்ள தொலைவையும் கோணத்தையும் மாற்றி அலறலின் சுருதியை மாற்றலாம். ஆகவே, இது கட்டுக்கடங்காத கூச்சல் என்று கூறுவது பொருந்தாது.

மேலும், அந்தப் பேரிரைச்சலுக்கு அடியில் எளிய அடித்தளம் ஒன்று அசையாமல் நிற்கின்றது. 'இரவு, கொலையாளிகளின் இரவு' என்னும் பொருளுடைய பாடலில் பாஸ் கிதார் வாசிப்பது, 1963இல் லிட்டில் பெகி மார்ச் என்ற அமெரிக்கச் சிறுமி பாடிப் புகழ்பெற்ற காதற் பாட்டின் நடையை ஒத்தது. எவரும் முணுமுணுக்கக்கூடிய அச்சிறு தொடர் நிமிடக்கணக்கில் மாறாது திரும்பத் திரும்ப வருகின்றது. மேலே கிதார் புயலாய் வீசுகின்றது. தம்பூராவின் துணையில் பாடகர் தம் விருப்பம்போல் உலவுவதை நான் நினைத்துக்கொண்டேன். ஒப்புமை முழுமையானது அன்று. எனினும், கேட்கத் தொடங்குவோர்க்கு ஒரு பிடிப்பாக உதவும்.

இத்தகைய இசையைப் பதிவு செய்வது எளிதன்று. தோக்கியோவின் கிச்சிஜோஜிப் பகுதியில் இருந்த 'ஓஸ்' என்னும் சிற்றுண்டிச்சாலை 1973இல் மூடப்பட்டபோது, அதன் நினைவாக வெளிவந்த இரட்டை இசைத்தட்டில் இவர்கள் இசையும் இடம்பெற்றது. அதன்பின் பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1991இல், மூன்று குறுந்தகடுகள் சிறு எண்ணிக்கையில் வெளியாயின. அவையும் விரைவில் கிடைத்தற்கு அரியவை ஆயின. இடைப்பட்ட காலத்திலும் பின்னரும், இசையரங்குகளில் எடுக்கப்பட்ட நாடாக்களே கைமாறிக் கைமாறி உலகெங்கும் சென்றன. இசைவு பெறாத தட்டுகளாக அவற்றை விற்றவரும் பலர்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். காசெட் நாடாவின் அகலம் நான்கு மில்லிமீட்டருக்கும் குறைவு. அது நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடுகின்றது. சிறிய பதிவுக்கருவியின் ஒலிவாங்கி பேரொலியைத் தாங்காமல் திணறி, ஒலியைச் சிதைத்துப் பதிகின்றது. அந்நாடாவிலிருந்து மற்றொரு நாடாவுக்குப் பிரதி எடுத்தால் 'உஸ்' என்னும் இரைச்சல் மிகும். நுண்ணிய உயர்சுருதிகள் மங்கும். ஏட்டைப் பார்த்து ஏடெழுதும்போது பிழை பெருகுவது போன்றதே இதுவும். ஐந்தாம் பிரதியையோ ஆறாம் பிரதியையோ கேட்டவர், "ஆகா, என்ன இரைச்சல்!" என்று வியந்தார். அவர் வியந்த இரைச்சலில் மிசுதானியின் பங்கு எவ்வளவு? நாடாவின் பங்கு எவ்வளவு? கேட்டவரால் பிரித்துச் சொல்ல இயலவில்லை. இயலாமலே அதனைப் போற்றினர். பல நாட்டு இளைஞர் அதனைப் பின்பற்றியும் இசைத்தனர்.

குழு 1996ஆம் ஆண்டோடு மேடையை விட்டு நீங்கியது. மிசுதானி 2019இல் காலமானார். அச்செய்தியே 2021இல்தான் வெளியுலகுக்கு அறிவிக்கப்பட்டது. பின்னர், முன்பு அவருடன் வாசித்தவரும், தோஷிஷாவில் பயின்றவருமான மகோத்தோ குபோத்தா, மூல ஒலிநாடாக்களைக் கொண்டு பதிவுகளைச் செப்பம் செய்தார். 1991இல் வந்த மூன்றும் 2022இல் மீண்டும் வெளிவந்தன. அவற்றுள் ஒன்று, 1977 மார்ச் 12ஆம் நாள் தோக்கியோவை அடுத்த தச்சிகாவா நகரில் நடந்த இசையரங்கின் பதிவு. ஏழு பாடல்கள், ஒன்றரை மணி நேரத்திற்கும் மேற்பட்டது. மங்கிய பிரதி ஒன்றையும் இதனையும் அடுத்தடுத்துக் கேட்டேன். முன்னதில் ஒரே புழுதிப்படலம். பின்னதில் முரசின் அடி தனியே கேட்கின்றது, குரல் தனியே கேட்கின்றது, அலறும் கிதாரின் சுருதி ஏறி இறங்குவதும் தெளிவாகின்றது. இரைச்சல் குறையவில்லை. அது இன்னாருடைய இரைச்சல் என்பது மட்டும் விளங்குகின்றது.

பழைய மங்கற் பிரதிகளே நயமானவை என்று வாதிப்போர் உளர். பழகிய செவிக்குப் பழகியது இனிக்கும். அதனை நான் மறுக்கவில்லை. ஆனால் கலைஞர் செய்தது இது, கருவி செய்தது இது என்று அறிந்த பிறகு விரும்புவது வேறு. அறியாமல் விரும்புவது வேறு. தட்டு வெளியிட மனமில்லாதவரின் இசையை அவர் இசைவின்றி விற்றது முறையா என்று கேட்டால், முறையன்று என்றே சொல்வேன். விற்காமல் நாடாவைப் பேணி நண்பரோடு பகிர்ந்துகொண்டவரை அவ்வாறு சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் இல்லையேல் இந்தப் பெயரையே நாம் கேட்டிருக்க மாட்டோம். அவர்களிடம் எனக்குள்ள குறை ஒன்றே: நாளையும் இடத்தையும் வாசித்தவர் பெயரையும் உறையின்மேல் எழுதாமல் விட்டவர் பலர். ஓர் அங்குலப் பென்சில் செய்திருக்கும் வேலை அது!

மாணவ நண்பர்களே, இதனைக் கேட்க விரும்பினால் ஒலியளவைக் குறைத்துக்கொண்டு கேளுங்கள்; இவ்விசையைக் கேட்கச் செவியைப் பழுதாக்கிக்கொள்ள வேண்டியதில்லை. 1977ஆம் ஆண்டுப் பதிவில் 'நினைவு தொலைவில்' என்று பொருள்படும் பாட்டு ஒன்று இருக்கின்றது. நடை மெதுவானது; குரலும் தாழ்ந்தே ஒலிக்கின்றது. முதலில் அதனைக் கேட்டுவிட்டுப் பிறகு மற்றவற்றுக்குச் செல்லலாம்.