குடிபெயரும் நாளில் வெள்ளையடிக்கலாமா?

 

கம்பைலர் எழுதுவதும் பழுது பார்ப்பதும் என் தொழில். ஆகவே இந்தப் பட்டமளிப்பு விழாவில் தேசத்தின் எதிர்காலத்தைப் பெரியவர்களிடம் விட்டுவிட்டு, எனக்குத் தெரிந்த ஒரு கேள்வியோடு நிறுத்திக்கொள்கிறேன். பழைய நிரலைச் சுத்தம் செய்ய நல்ல நாள் எது?

2019-இல் எல்எல்விஎம் என்ற கம்பைலர் திட்டம், நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் சப்வெர்ஷனை விட்டு கிட்ஹப்புக்குக் குடிபெயர்ந்தது. 2000-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சியாகத் தொடங்கிய திட்டம் அது. உங்கள் கைப்பேசியில் ஓடும் எத்தனையோ செயலிகள் அதன் வழியே வந்தவைதான். அக்டோபரில் இடம் மாறியபோது சப்வெர்ஷனின் மாற்ற எண் 3,75,000-ஐத் தாண்டியிருந்தது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒருவர் ஒரு காரணம் வைத்திருந்தார்.

அதே ஆண்டில்தான் இன்னொரு வாக்குவாதமும் நடந்தது: மாறிகளின் பெயர் பெரிய எழுத்தில் தொடங்குவதா, சிறிய எழுத்திலா? சிரிக்காதீர்கள், இதற்காக மனிதர்கள் பேசாமல் போயிருக்கிறார்கள். அப்போது எங்கள் குழு எல்எல்விஎம்மை எடுத்து, எங்கள் சில்லுக்கு ஏற்றபடி மாற்றி வைத்திருந்தது. குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் கேட்டார்: "சார், வீடு மாறும்போதுதானே வெள்ளையடிப்பாங்க? எப்படியும் அன்னிக்கு எல்லாரும் வேலையை நிறுத்தப் போறோம். அப்பவே பேரையெல்லாம் மாத்திடலாமே?"

நல்ல வாதம். எல்லோர் கையிலும் பாதியில் நிற்கும் வேலை குறைவாக இருக்கும் நாள் அடிக்கடி வராது. ஆனாலும் நான் ஒப்பவில்லை. குடிபெயர்ப்பு ஒழுங்காக நடந்ததற்கு முதல் சான்று, பழைய ரெப்போவின் கடைசி நிலையும் புதியதன் முதல் நிலையும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போவது. அன்றே பெயரையும் மாற்றினால் அந்தச் சான்று கெட்டது. மறுநாள் ஏதாவது உடைந்தால் புது இடத்தை நோவதா, புதுப் பெயரை நோவதா?

எல்எல்விஎம்மின் ஒரு பகுதியான எல்எல்டி என்ற லிங்கர் குடிபெயரும் முன்பே, ஜூலையிலேயே, பெயர் மாற்றும் வேலையை முடித்துக்கொண்டது. ஒரே பேட்ச், கிட்டத்தட்ட எல்லா வரியும் மாறியது. முழுக்க ஒரு கருவி செய்த மாற்றம், கைபட்ட திருத்தம் ஒன்றுகூட இல்லை. அந்தக் கருவியையும் பொதுவில் வைத்து, எங்களைப் போன்றவர்களுக்கு வழியும் எழுதியிருந்தார்கள்: பெயர் மாற்றத்துக்கு முந்தைய கமிட் வரை முதலில் வாருங்கள், உங்கள் நிரலில் கருவியை ஓட்டுங்கள், பிறகு மேலே செல்லுங்கள். அப்படியே செய்தோம், கையால் ஒட்டவேண்டியிருந்தது சொற்பம். சுத்தம் செய்பவர் அடுத்தவர் வேலைக்கும் பொறுப்பேற்றார் பாருங்கள், என்னைக் கவர்ந்தது அதுதான். எல்எல்விஎம்மின் பொது விதியாகப் பெரிய எழுத்தே தொடர்ந்தது. உலகம் முழுகிவிடவில்லை.

நான் படித்த காலத்தில் கணினி அறைக்குள் செருப்போடு போக முடியாது. உள்ளே சீனியர்கள் விட்டுப்போன நிரல்களின் அச்சுத்தாள் கட்டு ஒன்று கிடக்கும். எழுதியவர் பெயர் இராது, தேதி இராது. ஒரு வரி ஏன் இருக்கிறது என்று கேட்க ஆள் இல்லை. அதனாலோ என்னவோ, ஒரு வரியைக் கடைசியாக மாற்றியவர் யார் என்று காட்டும் கிட்டின் 'பிளேம்' கட்டளைமேல் எனக்குத் தனிப் பிரியம். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் லினக்ஸைக் கிட்டுக்குக் கொண்டுவந்தபோது பழைய வரலாற்றை ஏற்றாமலே தொடங்கினார். அதற்கு முந்தைய வரிகளைப் பிளேம் கேட்டால் அந்த முதல் கமிட்டோடு கதை முடிந்துவிடும். வெறும் பெயர் மாற்றமும் அப்படித்தான் உண்மையான ஆசிரியரை மறைக்கும். 2019 ஆகஸ்டில் வந்த கிட் 2.23, அத்தகைய கமிட்களைப் பட்டியலிட்டுத் தாண்டிச் செல்ல வழி செய்தது. அந்தப் பட்டியலும் உதவ வேண்டுமென்றால், சுத்தம் தனிக் கமிட்டாக இருந்தாக வேண்டும்.

பட்டம் பெற்று வேலையில் சேர்ந்த முதல் வாரமே அசிங்கமான நிரல் ஒன்று உங்கள் கண்ணில் படும், கை துறுதுறுக்கும். தொடுவதற்கு முன் பிளேம் ஓட்டி, காரணத்தைப் படியுங்கள். சுத்தத்தோடு பிழைத்திருத்தத்தைக் கலக்காதீர்கள். "மைக்ரேஷன் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று மேலதிகாரி சொன்னால் பெரும்பாலும் அவர் சொல்வது சரிதான். ஆனால் அந்த 'அப்புறம்' எந்தத் தேதி என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.