பள்ளி வராந்தாவும் நம் பிள்ளைகளும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் காலனியை அடுத்துள்ள ஆரம்பப் பள்ளிக்குச் சங்கத்தின் சார்பில் எதைச் செய்து கொடுக்கலாம் என்று ஆலோசிக்கக் கூடியிருக்கிறோம். வாயிலில் சங்கத்தின் பெயர் பொறித்த சிமெண்டு வளைவு ஒன்று எழுப்பலாம் என்பது செயற்குழுவில் பலருடைய கருத்து. அதற்கு மாறாகச் சில வார்த்தைகள் சொல்ல வேண்டியிருக்கிறது. பெரியவர்கள் பொறுத்தருள வேண்டும். பத்தாவது தேறியதும் ரயில்வேயில் குமாஸ்தா உத்தியோகத்திற்கு வந்துவிட்ட நமக்குக் கட்டடக் கலையைப் பற்றிப் பேச என்ன யோக்கியதை என்று கேட்கலாம். யோக்கியதை இல்லைதான். ஆனால் இவ்விஷயத்தில் நாம் முன்பே ஒரு பிழை செய்திருக்கிறோம்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் அதே பள்ளிக்கு நாம் ஒரு தண்ணீர்த் தொட்டி கட்டிக் கொடுத்தோம். நாலு குழாய்கள், வெள்ளை ஓடு பதித்த மேடை, நன்கொடையாளர் பெயர்ப் பலகை. திறப்பு விழாவன்று லட்டு வழங்கினோம். மறு வாரம் போய்ப் பார்த்தபோது முதல் வகுப்புப் பிள்ளைகள் மூன்று செங்கற்களை அடுக்கி, அவற்றின் மேல் ஏறி நின்று குழாயைத் திருகிக் கொண்டிருந்தார்கள். மழைக் காலத்தில் அச்செங்கல் வழுக்கி, நம் காலனிப் பெண் குழந்தை ஒன்று விழுந்து முன்பல்லை உடைத்துக் கொண்டாள். கொத்தனார் குழாயின் உயரத்தைக் கேட்டபோது நம்முள் ஒருவர் தம் இடுப்பைத் தொட்டுக் காட்டியதை மறந்திருக்க மாட்டோம். கூட்ஸ் ஷெட்டில் ஒவ்வொரு மூட்டையையும் நிறுத்து எழுதுகிற நாம், அன்று ஒரு குழந்தையையும் அருகே நிறுத்தி அளந்து பார்க்கவில்லை.

அண்மையில் ஜெர்மனியைப் பற்றிய ஒரு செய்தியைப் படித்தறிந்தோம். பெர்லின் நகரில் வெட்டிங் என்னும் பகுதி, பல நாடுகளிலிருந்து பிழைப்புத் தேடி வந்த குடும்பங்கள் நெருங்கி வாழும் இடம். (நம்மைப் போன்றவர்கள் என்று வைத்துக் கொள்ளுங்கள்.) அங்கே எரிக்கா மான் பெயரால் ஓர் அரசினர் ஆரம்பப் பள்ளி இருக்கிறது. கட்டடம் நூறாண்டுப் பழமையுடையது. உயர்ந்த சுவர்கள், நீண்ட தாழ்வாரங்கள். அத்தாழ்வாரங்கள் நடந்து போவதற்கன்றி வேறெதற்கும் உதவவில்லை.

பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் சூசன்னே ஹாப்மன் என்ற கட்டடக் கலை அம்மையார், தம் மாணவர்களைக் கொண்டு பௌபிலோட்டன் என்னும் குழுவை அமைத்திருந்தார். மாணவர்கள் காகிதத்தில் வரைந்து மதிப்பெண் வாங்குவதோடு நில்லாமல், மெய்யாகவே கட்டப்படும் வேலையைத் தேர்ந்த நிபுணரின் மேற்பார்வையில் செய்ய வேண்டும் என்பது அக்குழுவின் ஏற்பாடு. 2003இல் அவர்கள் இப்பள்ளியின் தாழ்வாரங்களை மாற்றியமைத்தார்கள். 2008க்குள் அடுத்த பகுதியும் நிறைவேறிற்று.

அவர்கள் வேலையைத் தொடங்கிய விதந்தான் நமக்கு முக்கியம். பிள்ளைகளிடம் சென்று, “நாற்காலி வேண்டுமா, பெஞ்சு வேண்டுமா?” என்று கேட்கவில்லை. “நீங்கள் இருக்க விரும்பும் உலகம் எப்படி இருக்கும்?” என்று கேட்டு, அதைப் படமாகவும் கைப்பொம்மையாகவும் செய்யச் சொன்னார்கள். அதிலிருந்து ஒரு வெள்ளி டிராகனின் கதை பிறந்தது. பள்ளிக்குள் அந்த டிராகன் உலவுகிறது; மாடி ஏற ஏற அதன் இருப்பு மேலும் மேலும் புலப்படுகிறது. பெரியவர்களுக்கு இது விளையாட்டாகத் தோன்றலாம். ஆனால் கல்லூரி மாணவர்கள் அக்கதையைக் கையில் வைத்துக்கொண்டு, வெறுந் தாழ்வாரத்தை உட்காரவும் படிக்கவும் கூடிப் பேசவும் ஏற்ற இடமாக மாற்றினார்கள். சுவரோடு மடித்து வைக்கும் இருக்கைகளைக்கூட அமைத்தார்கள். தங்கள் யோசனைகளை அவ்வப்போது பிள்ளைகளிடமே காட்டி அவர்கள் அபிப்பிராயத்தைக் கேட்டுக் கொண்டார்கள்.

“பிள்ளைகளைக் கேட்டால் ஆகாய விமானம் கேட்பார்கள்” என்று நம் பொருளாளர் சிரிக்கிறார். இங்கிலாந்தில் ஜான் சாரல், பிரான்சஸ் சாரல் தம்பதியர் 1999இல் நிறுவிய அறநிலையம், பள்ளிப் பிள்ளைகளையே வீடு கட்டச் சொல்லும் எஜமானரின் ஸ்தானத்தில் அமர்த்தி, பெயர் பெற்ற வடிவமைப்பாளர்களை அவர்கள் சொற்படி வேலை செய்ய வைத்தது. பள்ளிக்குப் பள்ளி பிள்ளைகள் எடுத்துச் சொன்ன குறைகளில் ஆகாய விமானம் இல்லை. சுத்தமான கழிப்பறை, பையை வைக்க ஓரிடம், இடைவேளையில் ஒதுங்க ஒரு நிழல், நெருக்கியடிக்காமல் உண்ண ஒரு கூடம் என்பவையே இருந்தன.

நம் தேசத்திலும் இத்தகைய முயற்சி உண்டு. ராஜஸ்தானத்தில் தொடங்கி, கட்டடக் கலைஞர் கபீர் வாஜ்பேயியும் அவருடைய விந்யாஸ் அமைப்பினரும் உருவாக்கிய ‘பாலா’ என்னும் முறையில் பள்ளிக் கட்டடமே பாடப் புத்தகமாகிறது. கதவு திறக்கும் வழியில் தரையிலே கோணங்களைக் குறித்து விடுகிறார்கள். கதவைத் தள்ளும் பிள்ளை முப்பது பாகை, தொண்ணூறு பாகை என்று கண்ணால் காண்கிறான். ஜன்னல் கம்பியை வளைவுகளாக அமைத்தால் விரலால் தடவி எழுத்துக்குக் கை பழகுகிறது. செலவோ சொற்பம்.

நம் பள்ளியின் வராந்தா மேற்குப் பார்த்தது. நாகபுரியின் ஏப்ரல் வெயில் எப்படிப்பட்டது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிற்பகலில் அங்கே காலை வைக்க முடியாது. அதனால் இரண்டு வகுப்புகளை ஓர் அறையில் அடைத்து வைக்கிறார்கள். வளைவுக்கு ஒதுக்கிய பணத்தை இந்த வராந்தாவுக்குத் திருப்பலாம் என்பது நம் வேண்டுகோள். எப்படி அமைப்பது என்பதை இப்போதே முடிவு செய்ய வேண்டாம்.

நம் அங்கத்தினர் ஒருவரின் மகள் கட்டடக் கலை நான்காம் ஆண்டு படிக்கிறாள். அவளும் அவளுடைய வகுப்புத் தோழர்களும் தங்கள் ஆசிரியரை அழைத்துக்கொண்டு வர இசைந்திருக்கிறார்கள். தலைமையாசிரியையும் அனுமதி தந்துவிட்டார். வரும் சனிக்கிழமை காலை எட்டு மணிக்குப் பிள்ளைகள் வராந்தாவில் அமர்ந்து படம் வரைவார்கள். காகிதமும் வண்ணமும் சங்கத்தின் செலவு. பெரியவர்களும் வரலாம், வருபவர்கள் பின்வரிசையில் அமர்ந்து, பிள்ளைகள் கேட்டாலொழிய வாய் திறவாதிருக்க வேண்டும். பல்லுடைந்த அந்தக் குழந்தை இப்போது நாலாம் வகுப்பில் இருக்கிறாள். குழாயின் உயரத்தைக் குறிக்கும் சுண்ணாம்புக் கட்டியை அவள் கையில் கொடுப்பதாகச் சொல்லி வைத்திருக்கிறோம்.