பனியில் சுழலும் சக்கரம்

மணாலிக்கு வடக்கே, பத்தாயிரம் அடி உயரத்தில் இருக்கிறது 2020-ல் திறக்கப்பட்ட அடல் சுரங்கப்பாதை. கடும்பனி நாட்களில் அந்தப் பக்கம் ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளையும் சங்கிலி கட்டிய வண்டிகளையும் மட்டுமே போலீசார் விடுவது வழக்கம்.

நான்கு சக்கரத்துக்கும் விசை போனாலும் சிக்கல் உண்டு. இரு சக்கரங்களுக்கு விசையைப் பிரிக்கும் சாதாரண டிஃபரன்ஷியல் இருந்தால், பிடிமானம் இல்லாத சக்கரம் வீணாகச் சுழலும். அதன் ஜோடிச் சக்கரம் அசையாது. அங்கேதான் டிராக்‌ஷன் கன்ட்ரோல் கைகொடுக்கிறது. சுழலும் சக்கரத்துக்கு மட்டும் பிரேக் விழ, விசை ஜோடிச் சக்கரத்துக்குப் போகிறது. அப்போது 'கர்ர்' என்று சத்தம் கேட்கும், பயப்பட வேண்டாம்.

ஆனால் டிராக்‌ஷன் கன்ட்ரோல் இன்ஜின் விசையையும் குறைக்கும். ஆழமான பனியிலோ மணலிலோ அதனாலேயே வண்டி நின்றுவிடலாம். அங்கே மட்டும் பொத்தானை அழுத்தி அந்தக் கன்ட்ரோலை அணைத்து, மீண்டதும் போட்டுவிட வேண்டும்.

இறக்கத்தில் பிரேக் பிடிக்க ஃபோர் வீல் டிரைவ், டிராக்‌ஷன் கன்ட்ரோல் இரண்டுமே உதவாது. முதல் கியரில் மெல்ல இறங்குவதே பாதுகாப்பு.