தேர்வுக்குப் படிக்கும் அப்பாவும் வாய் திறக்காத பிள்ளையும்

(சிராங்கூன் சாலையை அடுத்த மண்டபத்தில், மாலை வகுப்புத் தொழிலாளர்களும் குடும்பத்தாரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



வேலை முடிந்து வந்து, இரவு பத்து மணிக்குப் புத்தகம் திறக்கும் உங்களைக் கண்டு நாங்கள் பெருமைப்படுகிறோம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பின்னால் வரும் பேச்சைக் கேட்டு, படிப்பே வேண்டாம் என்கிறார்கள் என்று யாரும் எழுந்து போய்விடக் கூடாது.

பி.எம்.பி. என்னும் திட்ட நிர்வாகத் தேர்வு லேசானதல்ல. எழுத விண்ணப்பிக்கவே 35 மணி நேரப் பயிற்சி காட்ட வேண்டும். 2021இல் வகுத்த முறைப்படி 180 கேள்விகள், 230 நிமிடங்கள். ஒரு கேள்விக்கு ஒன்றேகால் நிமிடத்துக்குச் சற்று மேல். பயிற்சிக் கட்டணத்துக்கு உதவ அரசாங்கம் 2016இல் 25 வயதான குடிமக்களுக்கு 500 வெள்ளியும், 2024இல் 40 வயதைத் தாண்டியோருக்கு மேலும் 4,000 வெள்ளியும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கணக்கில் வைத்தது. பணம் வந்தது, நேரம் வரவில்லை. அந்த நேரம் வீட்டிலிருந்துதான் எடுக்கப்படுகிறது.

எங்களுள் ஒருவரின் வீட்டில் நடந்ததைச் சொல்கிறோம். ஒன்பது வயதுப் பையன். அப்பா படிக்கிறார், சத்தம் போடாதே என்று ஐந்து மாதம் சொன்னார்கள். பையன் சத்தம் போடவில்லை. பிறகு கீழ்த்தளத்துக்குப் பந்தாடப் போவதையும் நிறுத்தினான். கூட்டாளியின் பிறந்த நாளுக்கு அழைத்தார்கள், போகவில்லை. சோற்றைத் தட்டோடு அறைக்கு எடுத்துப் போனான். நம் நண்பரோ, "தங்கமான பிள்ளை, தொந்தரவே இல்லை" என்று எங்களிடமே மெச்சிக்கொண்டார். நாங்களும் தலையாட்டினோம்! வகுப்பில் சிலர் அவனைக் கேலி செய்துவந்தது வெகுநாள் கழித்தே தெரிந்தது.

தகப்பன் படித்ததால்தான் பிள்ளை ஒதுங்கினான் என்று நாங்கள் சொல்லவில்லை. கேலி, பதற்றம், மனச்சோர்வு, காது மந்தம், ஆட்டிசம் எனக் காரணம் பல இருக்கலாம். பார்க்க வேண்டிய கண் புத்தகத்தில் இருந்தது, அவ்வளவே. ரப்பர் தோட்டத்து லயத்தில் தாய் விடியுமுன் பால்மரம் வெட்டப் போனாலும், பக்கத்து வீட்டுக் கிழவி ஒருத்தி பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிடுவாள். பன்னிரண்டாம் மாடியில் கதவு சாத்தினால் யார் பார்ப்பது?

கூச்ச சுபாவம் வேறு, ஒதுங்குதல் வேறு. கூச்சமுள்ள பிள்ளை கூட்டத்தில் பேசாது. பழகிய ஒருவனோடு சிரித்து விளையாடும். முன்பு விளையாடியவன் விட்டுவிட்டான், தூக்கமும் சாப்பாடும் மாறின, காலையில் வயிற்றுவலி என்று பள்ளிக்குப் போக மறுக்கிறான், இது வாரக்கணக்கில் நீள்கிறது என்றால் காத்திருக்காதீர்கள். ஜப்பானில் வீட்டுக்குள்ளேயே ஆறு மாதத்துக்கு மேல் அடைந்துகிடப்போரை 'ஹிகிகோமோரி' என்கிறார்கள். சைட்டோ தமாகி என்ற மருத்துவர் 1998இல் அதைப் பற்றி நூல் எழுதி நாட்டுக்கே உணர்த்தினார். நம் பிள்ளைக்கு அந்தப் பெயரைச் சூட்ட வேண்டாம். ஆனால் கதவு சாத்தத் தொடங்கும்போதே தட்டுவது எளிது.

பள்ளியில் ஆலோசகர் இருக்கிறார்; முதலில் அவரையும் வகுப்பாசிரியரையும் பாருங்கள். தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் தாங்களே பேச, சிங்கப்பூர்ச் சிறுவர் சங்கம் 1984 முதல் 'டிங்கிள் ஃபிரெண்ட்' தொலைபேசிச் சேவை நடத்துகிறது. 1991இல் தோன்றிய சிண்டா, பீட்டி சாலையில், இங்கிருந்து நடை தூரம். மனநலக் கழகத்தில் சிறுவர்க்கெனத் தனி மருந்தகம் உண்டு. நாலு பேர் என்ன சொல்வார்கள் என்ற வெட்கம் பிள்ளைக்கு உதவாது.

"ஏன் பேச மாட்டேன் என்கிறாய்?" என்று மட்டும் குடையாதீர்கள். நீங்கள் படிக்கும் அதே பாடம், வேலையில் பங்குடையோர் எல்லாரையும் பட்டியலிட்டு அவர்களோடு எப்போது பேசுவது என்று முன்கூட்டியே குறிக்கச் சொல்கிறதே! அந்தப் பட்டியலில் பையன் பெயரையும் எழுதுங்கள்.

முதலாளிமாருக்கும் ஒரு சொல். உங்கள் வேலைக்குப் பயன்படும் படிப்பை உங்கள் நேரத்தில், சம்பளத்தோடு படிக்க விடுங்கள்.

அந்த நண்பர் தேர்வை நான்கு மாதம் தள்ளிப்போட்டார். பள்ளி ஆலோசகர் பையனை வாரந்தோறும் பார்த்தார். ஞாயிறு காலை அப்பாவும் மகனும் தேக்கா சந்தைக்குப் போகத் தொடங்கினார்கள். மூன்று வாரம் பையன் கீரைக்கட்டைத் தூக்கிக்கொண்டு சும்மா வந்தான். நான்காம் வாரம், நண்டுக் கடை முன் நின்று, "இது உயிரோட இருக்காப்பா?" என்று கேட்டான். அன்று இருவரும் வீடு திரும்ப மதியம் ஆகிவிட்டதாம்.

நம் மாலை வகுப்பு இனிப் புதன்கிழமைகளில் நடைபெறாது.