வயல்வழியும் சோலைவழியும்



சிலப்பதிகாரத்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் வழக்குரை காதையையே நாடுவர். நாடுகாண் காதையில் நிற்போர் சிலரே. அக்காதையில் நெருப்பும் இல்லை, கொலையும் இல்லை. பூம்புகாரிலிருந்து உறையூர் வரையில் மூவர் நடந்து செல்கின்றனர், அவ்வளவே. ஆயினும் சமண நெறியின் நுட்பத்தை இளங்கோவடிகள் நடையிலேயே வைத்துக் காட்டிய இடம் அது.

மதுரை எரியுண்டது ஆடித் திங்களில் என்று காப்பியமே உரைப்பதால், இந்நடை அதற்கு முந்திய வேனிற் காலத்தது. வைகறை இருளில் புகாரைவிட்டு நீங்கிய கோவலனும் கண்ணகியும் காவிரியின் வடகரையில் மேற்கு நோக்கி ஒரு காவதம் சென்றனர். அதற்குள் கண்ணகி இளைத்துவிட்டாள். மதுரை எது என்று கேட்டாள். ஆறைங்காதம் என்றான் கோவலன். முப்பது காதம் என்பது அதன் பொருள். ஆறோ ஐந்தோ காதம் என்றும் செவியில் விழும். பொய்யும் சொல்லாமல், அவள் உள்ளத்தையும் உடைக்காமல் சொன்ன விடை. வணிகன் மகனுக்கு எண்ணும் சொல்லும் நன்றாகவே கைவந்திருந்தன!

அவ்விடத்துச் சோலையில்தான் கவுந்தியடிகளின் பள்ளி இருந்தது. மதுரையில் உள்ள அறவோரிடம் அறம் கேட்கும் விருப்பம் அவருக்கும் உண்டு. கடிஞையும் மயிற்பீலியும் எடுத்துக்கொண்டு உடன் புறப்பட்டார். புறப்படும்போதே வழியைப் பற்றிய பேச்சு எழுகிறது.

வெயில் தாங்காத கண்ணகியைச் சோலைவழியே அழைத்துச் செல்லலாம். ஆனால் அங்கே வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழிகளைச் செண்பகப் பூக்கள் உதிர்ந்து மூடியிருக்கும்; அறியாதவர் கால் அதில் இறங்கிவிடும். பூக்குவியலை விலக்கி ஒதுங்கினால் முற்றிய பலாப்பழம் தலையில் முட்டும். மஞ்சளும் இஞ்சியும் பின்னிக் கிடக்கும் பாத்திகளில் பலாக்கொட்டைகள் பரற்கற்களாய் உறுத்தும்.

வயல்வழியே செல்லலாம் என்றால், நீர்நாய் கௌவிய வாளைமீன் திடீரெனத் துள்ளிப் பாயும், கண்ணகி கலங்கிப்போவாள். கரும்பில் கட்டிய தேனடை சிதைந்து பொய்கை நீரில் கலந்திருக்கும். விடாய் மிகுதியால் அந்நீரை அவள் உள்ளங்கையில் அள்ளிப் பருகிவிடவும் கூடும். தேன் நமக்கு விலக்கு என்பதைக் குழந்தைகளும் அறிவர். களைபறிப்போர் வரப்பில் இட்ட குவளை மலர்களுக்குள் வண்டுகள் ஒடுங்கியிருக்கும். நடந்த களைப்பில் அறியாமல் அவற்றின்மேல் அடி வைத்துவிடலாம். நீர்க்கரையில் நடக்கும்போது நண்டும் நத்தையும் காலடியில் நசுங்கினால் அந்தத் துன்பம் தாங்கத் தக்கதன்று. வயலும் சோலையும் அல்லாது வேறு வழியும் அங்கே இல்லை.

நான்கு முழ நிலத்தை முன்னே நோக்கி அடியெடுத்து வைக்கும் ஈர்யா சமிதியை இதனினும் விளக்கமாகக் கூறிய தமிழ் நூற்பகுதி அரிது. கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. கண்ணகியின் பாதம் நோகும் என்ற கவலையும், நண்டின் ஓடு நொறுங்கும் என்ற கவலையும் ஒரே பேச்சில், ஒரே குரலில் வருகின்றன. ஊறு நேரும் என்பதற்காக அடிகள் பயணத்தைக் கைவிடவும் இல்லை. வயலில் உழைப்போரைப் பழிக்கவும் இல்லை. அக்காதை உழவரின் ஏர்ப்பாட்டையும் களத்துப் பாட்டையும் உவந்தே பாடுகிறது. தலைமுறை தலைமுறையாக ஏர் பிடித்து வந்த தமிழ்ச் சமணக் குடும்பங்களுக்கு இது சிறிய ஆறுதல் அன்று.

நாளொன்றுக்கு ஒரு காவதத்திற்கு மேல் அவர்கள் செல்லவில்லை. இடையிடையே தங்கித் தங்கி அரங்கத்தை அடைந்தனர். அங்கே சாரணர் ஒருவர் வினையின் வலிமையை எடுத்துரைத்தார். அது கேட்டு உருகிய கவுந்தியடிகள், அருகப் பெருமானின் ஆயிரத்தெட்டுத் திருநாமங்களை அன்றித் தம் நா வேறொன்றும் நவிலாது என்றார்.

பிறகு ஓடத்தில் ஏறித் தென்கரை சேர்ந்து ஒரு பூஞ்சோலையில் இருந்தனர். அவ்வழியே வந்த பரத்தை ஒருத்தியும் அவளுடன் வந்த வீணன் ஒருவனும், இவர்கள் யார் என்று கேட்டனர். என் மக்கள் என்றார் அடிகள். ஒரு வயிற்றுப் பிள்ளைகள் கணவன் மனைவியாவதும் உண்டோ என்று அவர்கள் எள்ளினர். கண்ணகி செவியைப் பொத்திக்கொண்டு நடுங்கினாள். அக்கணமே, முள்காட்டில் நரிகளாகுக என்று சபித்தார் அடிகள்.

திருநாமம் அன்றி நவிலாத நா அது! நண்டுக்கும் நத்தைக்கும் இரங்கிய அருளாளர் அவர். ஈர்யா சமிதியில் வழுவாதவர் பாஷா சமிதியில் வழுவிவிட்டார். தவத்தின் ஆற்றலைக் காட்டவே இச்சாபம் வந்தது என்று சொல்லி இவ்விடத்தைக் கடந்து போவோர் உண்டு, அது பொருந்தவில்லை. ஏனெனில், இளங்கோவடிகள் இந்நிகழ்ச்சியைச் சாபத்தோடு முடிக்கவில்லை.

நரியின் ஊளை கேட்டதும் நடுங்கியவர்கள் கோவலனும் கண்ணகியும். நெறி தவறியவர்கள் தகாத சொல் கூறினாலும் அதனை அறியாமை என்றே கொள்ளவேண்டும், இவர்களுக்கு உய்யும் காலம் எப்போது என்று அடிகளிடம் முறையிட்டனர். பழிச்சொல் பட்டவர்களே பழித்தவர்களுக்காக இரந்து நிற்கின்றனர். துறவிக்குப் பொறையை நினைவூட்டியவர்கள் இல்லறத்தார். பொருளை இழந்து, ஊரைவிட்டு இரவோடிரவாக வெளியேறிய கோவலனுக்கு அச்சொல் எங்கிருந்து வந்தது? அத்தனை நாள் உடன் நடந்து கேட்ட அறவுரையிலிருந்தே வந்திருத்தல் வேண்டும்.

அடிகள் அச்சொல்லை மறுக்கவில்லை. உறையூர் மதிற்புறத்துக் காட்டில் பன்னிரு திங்கள் துயருற்றபின் அவ்விருவரும் பழைய உருவம் பெறுக என்றார். பிறகு மூவரும் உறையூர் புகுந்தனர்.

பாண்டி நாட்டு எல்லையில் வெயில் இன்னும் கடுமையாயிற்று. பகலில் இவளால் நடக்க இயலாது, இரவில் செல்வோம் என்றான் கோவலன். இரவில் வழிநடத்தல் துறவோர்க்கு ஆகாது. கண் காணாத நிலத்தில் எவ்வுயிர் கிடக்கிறதோ! ஆயினும் அடிகள் இசைந்தார். நிலவு எழுந்தது. கண்ணகி கணவன் தோளைப் பற்றிக்கொண்டாள். அடிகள் அறம் உரைத்தபடியே உடன் நடந்தார்.